எட்டாம் பக்கத்தையும் படியுங்கள்

போன மாதம் ஒரு பையன் அப்பாவோடும் கோச்சோடும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தான். 19 வயது, கால்பந்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். ஒரு கிளப் அனுப்பிய 11 பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். சம்பளம் எழுதிய வரிக்குக் கீழே அப்பா நீலப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். எட்டாம் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வேறு கிளப் கேட்டு வந்தால், “நிர்வாகம் நியாயமானது எனக் கருதும் தொகைக்கு” அவனை விடுவிக்கலாம் என்று அங்கேதான் எழுதியிருந்தது. தொகை எவ்வளவு, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், ஒன்றும் இல்லை.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னாங்க சார்” என்றார் அப்பா.

விளையாட்டு ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. பலர் மாட்டிக்கொள்வது இந்த ‘அப்புறம்’ என்ற இடத்தில்தான். டிரான்ஸ்ஃபர் பேச்சு, அதாவது வீரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பேச்சு என்றால் கடைசி நாள் இரவில் நடக்கும் பேரம் என்று நினைக்கிறோம். அதில் பாதி, கையெழுத்துப் போட்ட அன்றே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி அந்த கிளப்பின் சுபாவம்.

2013இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் இருந்த கோல் வீரர் சுவாரெஸை, இன்னொரு இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல் கேட்டது. கொடுக்க முன்வந்த தொகை 4 கோடியே 1 பவுண்ட். அந்த ஒரு பவுண்டுக்குக் காரணம் உண்டு. அவருடைய ஒப்பந்தத்தில் 4 கோடியைத் தாண்டினால் என்று ஒரு விதி இருந்தது. சுவாரெஸ் தரப்பு ‘தாண்டினால் விட வேண்டும்’ என்று அதைப் படித்தது. லிவர்பூலோ விடவே இல்லை. அப்படி ஒரு விதி இருந்தது, இருந்தும் விற்பதில்லை என முடிவெடுத்தோம் என்று உரிமையாளர் ஜான் ஹென்றியே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். சுவாரெஸ் அங்கேயே இருந்து அடுத்த சீசனில் 31 லீக் கோல் அடித்தார். 2014இல் பார்சலோனாவுக்கு அதைவிடப் பல மடங்கு நல்ல விலைக்குப் போனார் என்று சொல்ல முடியாது, ஆனால் 4 கோடியை நன்றாகவே தாண்டிய விலைக்குப் போனார். கிளப்புக்கு லாபம்தான். ஒப்பந்தத்தை நம்பிய வீரருக்கு ஒரு வருடம் போனது.

ஸ்பெயினில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் குறைவு. வீரர் பணத்தைக் கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள 1985ஆம் ஆண்டின் அரசாணையே வழி வைத்திருக்கிறது. 2017இல் நெய்மாருக்காக 22.2 கோடி யூரோ வந்து சேர்ந்ததும், மனசே இல்லாத பார்சலோனாவால் அவரை நிறுத்த முடியவில்லை. போர்ச்சுகல் கிளப்புகள் இந்த ரிலீஸ் தொகையையே, அதாவது கட்டினால் வீரரை விட வேண்டிய தொகையையே, கேடயமாகப் பிடிக்கின்றன. பென்ஃபிகா கிளப்பில் இருந்த என்சோ ஃபெர்னாண்டஸின் ரிலீஸ் தொகை 12 கோடி யூரோ. 2023 ஜனவரி முழுக்க செல்சீ பேசிப் பார்த்தது, பென்ஃபிகா இறங்கி வரவில்லை. கடைசி நாளில் 12.1 கோடிக்கு முடிந்தது. ஏழு மாதம் முன்பு அவரை பென்ஃபிகாவுக்கு விற்ற அர்ஜென்டினா கிளப் ரிவர் பிளேட், அடுத்த விற்பனையில் பங்கு தரும் 25 சதவீத உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தது. நான் மிகவும் மதிக்கும் புத்திசாலித்தனம் அது.

ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டின் வழக்கம் வேறு. 2020இல் தங்கள் வீரர் சாஞ்சோவை வாங்க மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆகஸ்ட் 10 வரை கெடு கொடுத்தார்கள். கெடு முடிந்த அன்றே சாஞ்சோ எங்களோடுதான் என்று அறிவித்தார்கள். ஒரு வருடம் முன்பே அவருடைய ஒப்பந்தத்தை 2023 வரை நீட்டியிருந்த செய்தியும் அப்போதுதான் வெளியே வந்தது. அந்தத் தைரியம் அங்கிருந்து வந்தது. 2021இல் 8.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள். முந்தின வருடம் கேட்டதாகச் சொல்லப்பட்ட விலையைவிட அது குறைவு.

இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் அவசரப்படாது. 2023 ஜனவரியில் அதன் வீரர் காய்செடோ, தன்னை விடச் சொல்லிப் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். ஆர்சனல் இரண்டு முறை கேட்டது. கிளப் அசையவில்லை, மார்ச்சில் புதிய ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் செல்சீ 10 கோடி பவுண்டும் அதற்குமேல் நிபந்தனைகள் நிறைவேறினால் கூடுதலாக 1.5 கோடி வரையும் தர ஒப்புக்கொண்டது. பிரைட்டன் அவரை வாங்கிய விலை 50 லட்சம் பவுண்டுக்கும் கீழே.

அதனால்தான் ஒப்பந்தம் கொண்டுவருகிறவர்களிடம், அந்த கிளப் கடைசியாக விட்ட நாலு பேர் எப்படிப் போனார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறேன். ரிலீஸ் தொகை இருந்தால் எண்ணாக இருக்க வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். ‘விடுவிக்கலாம்’ வேறு, ‘விடுவிக்க வேண்டும்’ வேறு.

அந்தப் பையனின் எட்டாம் பக்கத்தைத் திருத்தி அனுப்பினோம். தொகையை எழுத கிளப் ஒத்துக்கொண்டது, தேதிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது.

கிளம்பும்போதுதான் கோச்சிடம் ஒன்று கேட்டேன். பையன் அவரிடம் 12 வயதிலிருந்து ஆடியிருக்கிறான். நாளைக்கு வெளிநாட்டு கிளப் ஒன்று பணம் கொடுத்து அவனை வாங்கினால், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிய வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதற்குப் பிறகு 0.5. ஆனால் கோச்சின் கிளப் கால்பந்துச் சங்கத்தோடு முறையாக இணைக்கப்பட்டு, அந்த வருடங்களில் பையன் பெயர் அங்கே பதிவாகியிருந்தால்தான் வரும்.

அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பையன்கள் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், எல்லாம் அவர் கையெழுத்தில். “இது போதாதா சார்?”

போதாது. மறுநாள் காலை அந்த நோட்டோடு வரச் சொன்னேன். இப்போது 12 வயதாகிறவர்களிலிருந்து பதிவை ஆரம்பித்திருக்கிறோம்.