எக்மோ சிகிச்சையும் அரசு மருத்துவமனைக் கட்டணமும்: கோலாலம்பூர் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

வைரஸ் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைந்த பிறகு, நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றலே கட்டுமீறி இதயத் தசையையும் நுரையீரலையும் அழற்சிக்கு உள்ளாக்குவது உண்டு. இன்ஃப்ளுவென்சா, காக்சாக்கி, கோவிட்-19 ஆகிய எந்த வைரஸுக்குப் பிறகும் இது நேரலாம். கோவிட் கண்ட பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, 2 முதல் 6 வாரங்களுக்குள் மீண்டும் காய்ச்சலும் வயிற்றுவலியும் கண் சிவப்பும் தோன்றி, இரத்த அழுத்தம் சரிந்துவிடுவதை 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் முதலில் எச்சரித்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகளிலேயே தேறிவிடுகிறார்கள். வென்டிலேட்டரும் மருந்தும் கைகொடுக்காத ஒரு சிலருக்குத்தான் எக்மோ, அதாவது இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் கருவி, தேவைப்படுகிறது.

தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரைக்குள் தடித்த குழாய் ஒன்றைச் செலுத்தி, கருஞ்சிவப்பு இரத்தத்தைப் பம்பு வெளியே இழுக்கிறது. கட்டிலருகே இருக்கும் சவ்வுக் கருவியில் கரியமிலவாயு நீங்கி, ஆக்சிஜன் ஏறி, பளிச்சென்ற சிவப்பாக அந்த இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. நுரையீரல் மட்டும் பழுதென்றால் சிரைக்கே திருப்புவார்கள். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குள் செலுத்துவார்கள். இக்கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை. அழற்சி அடங்கும்வரை உயிரைத் தாங்குகிறது. இரத்தக்கசிவு, இரத்தக்கட்டி, கிருமித்தொற்று, பக்கவாதம் ஆகிய ஆபத்துகள் இருப்பதால் எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது.

2016 டிசம்பரில் ஜெயலலிதாவும் 2020 செப்டம்பரில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எக்மோ சிகிச்சையில் இருந்தபோதே மறைந்ததால், இந்தப் பெயரைக் கேட்டாலே எல்லாம் முடிந்தது என்று நம் குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. வைரஸால் வரும் இதய அழற்சியில் உயிர் தப்பியவர்களில் பலருக்கு இதயத் துடிப்பின் வலு பெருமளவு திரும்புகிறது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இவ்வசதி இல்லாததால் நோயாளியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டிவரலாம். நிலைமை மோசமாவதற்கு முன்பே, "எக்மோ மையத்தோடு பேசிவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்க நோயாளியின் உறவினருக்கு முழு உரிமை உண்டு, அதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி கட்டணம். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் மலேசியக் குடிமக்களுக்கான கட்டணத்தை 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை வரையறுக்கிறது. அதன்படி மூன்றாம் வகுப்பு வார்டு நோயாளியின் மருத்துவமனைக் கட்டணத்துக்கு 500 ரிங்கிட் உச்சவரம்பு உண்டு. உடலில் பொருத்தும் கருவிகள், மருத்துவமனை இருப்பில் இல்லாத பொருள்கள் போன்றவற்றுக்கான செலவு மட்டும் தனியாக வரக்கூடும். எத்தனை ஆயிரம் ரிங்கிட் ஆகுமோ என்ற அச்சத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆனால் இந்த வரம்பு எல்லா இடத்துக்கும் செல்லாது. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகம் நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனமாக இருந்தாலும் அதற்குத் தனிக் கட்டணப் பட்டியல் உண்டு. பல்கலைக்கழக மருத்துவமனையான மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கும் அப்படியே. அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும், தகுதியுள்ள அவர்களது குடும்பத்தாரும், கவுண்டரில் ஜிஎல் என்று கேட்கும் உத்தரவாதக் கடிதத்தைப் பெற்றுக்கொடுத்தால் செலவை அரசு ஏற்கும். மற்றவர்கள், நோயாளியை மாற்றுவதாகப் பேச்சு வந்த அன்றே, மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்; பில் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அந்தப் பிரிவின் அதிகாரி குடும்ப வருமானத்தை விசாரித்து, கட்டணக் குறைப்புக்கோ சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கோ பரிந்துரைப்பார். மைகார்ட் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் தாமதமாகும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகள், பிறப்புச் சான்றிதழில் குடியுரிமை இல்லை என்று பதியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டண விகிதம் அதைப் பொறுத்தே அமைகிறது. தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பணம் தீர்ந்தபின் அரசு மருத்துவமனைக்கு மாற்ற நினைப்பவர்களுக்குக் கட்டில் காலியாக இருக்க வேண்டும் என்ற தடையும் உண்டு.

இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் தனி ஆணைப்படி மானியமில்லாக் கட்டணம் விதிக்கப்படுகிறது. முதலாளி எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு; எக்மோ செலவு அதைத் தாண்டிவிடலாம் என்பதால், காப்பீட்டு எண்ணோடு முதலாளியையும் உடனே மருத்துவமனைக்கு வரவழைக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குத் தசை வலு குறைந்து பல மாதங்கள் உடற்பயிற்சி சிகிச்சை தேவைப்படலாம். சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குச் சந்தா கட்டிவந்த தொழிலாளி வேலைக்குத் திரும்ப முடியாத நிலையில் இருந்தால், உடல் இயலாமை ஓய்வூதியத்துக்கும் மறுவாழ்வு சிகிச்சைக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவ அறிக்கை தேவைப்படும் என்பதால், டிஸ்சார்ஜ் செய்யும்போதே அதைக் கேட்டு விண்ணப்பித்துவிடுவது மேல்.