பிளஃப்: மோசடி அல்ல, உதார்

பணம் வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்தில் பெயர்பெற்ற கிறிஸ் மனிமேக்கரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை போன வாரம் கண்ணில் பட்டது. "இறுதிக் கட்டத்தில் மாபெரும் மோசடி செய்து எதிராளியை வீழ்த்தினார்" என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வழங்கும் சொல் பிளஃப். கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி எதிராளியை விலக வைப்பது. அதற்கு மோசடி என்று போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. விதிப்படி ஆடி ஜெயித்த மனிதரைத் திருடனாக்குகிற வேலை இது.

பிளஃப் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்பார்கள். அங்கே பிளஃபன் என்றால் வீறாப்புப் பேசுதல். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சீட்டு மேசைகளில் ஏறி, போக்கருக்கே ஒரு பெயராகவும் வழங்கியது.

2003இல் லாஸ் வேகாஸில் நடந்ததைப் பாருங்கள். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி, 839 பேர். டென்னஸியில் கணக்கராக இருந்த மனிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். கடைசியில் எதிரே மிஞ்சியவர் சாமி ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் மறைவாக, மேசையில் இருவருக்கும் பொதுவாக ஐந்து என்பது ஆட்டம். மனிமேக்கர் கையில் ஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ஏழு. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும். மேசையில் 9, 2, 6 விழுந்ததில் ஃபர்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி. அந்த ஒன்பதும் ஆறும் ஸ்பேட். நான்காவதாக ஸ்பேட் எட்டு. இன்னொரு ஸ்பேட் வந்தால் மனிமேக்கருக்கு ஐந்தும் ஒரே இனம். ஐந்தோ பத்தோ வந்தால் வரிசை. துணிந்து பந்தயத்தை ஏற்றினார். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் மூன்று. எதுவும் சேரவில்லை. ஜோடிகூட இல்லாத அந்தக் கையோடு, தன் பந்தயச் சில்லு முழுவதையும் வைத்தார். ஸ்பேட் சேராமல் போயிருக்கும் என்று ஃபர்ஹா வாய்விட்டே சொன்னார். சரியாகக் கணித்தவர், கடைசியில் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். பின்னர் மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார்.

இதில் மோசடி எங்கே இருக்கிறது? காசைப் போட்டு எதிராளியின் சீட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லும் உரிமை ஃபர்ஹாவிடம் கடைசிவரை இருந்தது. மோசடியில் மாட்டுபவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பே கிடைப்பதில்லை. பெரிய பெயரெடுத்த இன்னொரு போக்கர்காரர் ஃபில் ஐவி, லண்டன் சூதாட்ட விடுதி ஒன்றில் வேறொரு சீட்டாட்டத்தில், சீட்டின் முதுகில் இருந்த அச்சு வேறுபாட்டை அடையாளம் கண்டு ஆடினார். அது ஏமாற்றுதான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. மோசடி என்ற சொல்லை பிளஃபுக்குச் செலவழித்துவிட்டால், இதற்கு என்ன சொல் வைப்பது? 'பொய்' என்பதும் ஒட்டாது. மனிமேக்கர் தன் சீட்டைப் பற்றி எதையும் சொல்லவே இல்லை. 'வஞ்சாட்டம்' என்று ஒரு நண்பர் ஆக்கித் தந்தார். தூய தமிழாக ஒலிக்கிறது, ஆனால் வஞ்சகம் அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் பெரியப்பா மூணு சீட்டு ஆடுவார். சீட்டை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஐந்து ரூபாய் நோட்டைத் தொடையில் நீவி நீவி மெதுவாக நடுவில் வைப்பார். "கையில ஒண்ணும் இல்ல, உதார் உடறாரு" என்பார் எதிர்வீட்டு மாமா. சொல்லிக்கொண்டே தன் சீட்டைக் கவிழ்ப்பார்! மோசடி என்று அங்கே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

உதார்தான் சரியான சொல். இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டுவது. வாயால் மட்டும் விடுவதில்லை. டீக்கடை வாசலில் ஒருவன் கைலியை மடித்துக் கட்டி நிற்பதும் உதார்தான். கொச்சை என்று தள்ளுபவர்கள் செமி-பிளஃபை வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். நான்காவது சீட்டில், சேர வாய்ப்பிருந்த கையோடு மனிமேக்கர் ஏற்றியது அரை உதார். ஐந்தாவதில் முழு உதார். 'அரை மோசடி' என்று எழுத முடியுமா? மேடைத் தமிழ்தான் வேண்டும் என்றால் 'வெற்று மிரட்டல்' என்று எழுதுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர். அதே கட்டுரையில் நாலு வரி தள்ளி, 'போக்கர் ஃபேஸ்' என்பதை அப்படியே பெயர்த்து 'போக்கர் முகம்' என்று ஒரு சொல். மனத்தில் இருப்பதை முகத்தில் விடாதவனைக் கல்லுளிமங்கன் என்று என் பாட்டி தினமும் சொல்வாள்.