கல்லூரி பாயின்ட் கார்டு தொழில்முறைக் கூடைப்பந்தில் நிலைப்பாரா? மதிப்பீட்டில் உண்மையில் எவற்றைப் பார்க்கிறோம்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் சூடுபிடிக்கும்போது, உயரம் குறைந்த ஏதாவது ஒரு பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) தன் அணியைத் தனியொருவராகத் தூக்கி நிறுத்துவதை அந்த நாடே பார்க்கிறது. தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் அதே இளைஞரின் பெயர் முப்பதாவது இடத்துக்குப் பிறகு அழைக்கப்படும்போது, அல்லது அழைக்கப்படாமலேயே போகும்போது, தேர்வாளர்களுக்குக் கண் இல்லையா என்று குடும்பத்தினரும் ரசிகர்களும் கேட்கிறார்கள். கல்லூரி வீரர்களின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, அவர்களுடைய தொழில்முறை வாய்ப்பைப் பற்றி அறிக்கை எழுதுவதே என் வேலை என்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. தேர்வாளர்கள் பல முறை தவறியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் தவறும் இடம் வேறு, ரசிகர்கள் தவறும் இடம் வேறு.

முதலில் இடங்களின் கணக்கைப் பார்ப்போம். கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன; ஒவ்வொன்றிலும் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு ஒருவராவது இருப்பார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் இருப்பவை 30 அணிகள். டிராஃப்டின் இரண்டு சுற்றுகளையும் சேர்த்தாலும் 60 பேருக்கு மேல் தேர்வாவதில்லை. அந்த அறுபதில் வெளிநாட்டு வீரர்களும் மற்ற எல்லா இடங்களில் ஆடுவோரும் அடங்குவர். போதாததற்கு, பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் வேலையை இன்று பல அணிகளில் லூகா டோன்சிச், லெப்ரான் ஜேம்ஸ் போன்ற உயரமான வீரர்களே செய்துவிடுகிறார்கள். ஆகவே புதிதாக நுழையும் பாயின்ட் கார்டுக்குக் கிடைக்கக்கூடிய முதல் வேலை, ஏற்கெனவே இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுவதாகவோ, மாற்று வீரராக வந்து சில நிமிடங்கள் ஆட்டத்தைக் கெடுக்காமல் காப்பதாகவோதான் இருக்கும். கல்லூரியில் பந்து எப்போதும் தன் கையிலேயே இருக்கப் பழகிய ஒருவருக்கு இது முற்றிலும் புதிய வேலை. பந்து கையில் இல்லாத நேரத்தில் இவர் என்ன செய்கிறார் என்பதுதான் என் அறிக்கைகளில் நான் முதலில் விடை தேடும் கேள்வி.

2011-இன் ஜிம்மர் ஃப்ரெடெட்டை எடுத்துக்கொள்வோம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் எடுத்து, நாட்டிலேயே முதலிடம் பெற்று, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான விருதுகளைக் குவித்தவர் அவர். டிராஃப்டில் பத்தாவது இடத்தில் தேர்வாகி சாக்ரமென்டோ அணிக்குச் சென்றார். அவருடைய குறிபார்க்கும் திறன் அங்கே சென்றதும் மறைந்துவிடவில்லை. ஆனால் கல்லூரியில் அவருடைய ஆட்டம் முழுவதும், பந்தைத் தட்டியபடி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே உருவாக்கிக்கொள்வதன் மேல் கட்டப்பட்டிருந்தது. தன்னைவிட நீளமான கைகளும் வேகமான கால்களும் உடையவர்கள் எதிரில் நின்றபோது அந்த இடம் சுருங்கியது. அந்தக் குறையை ஈடுகட்டும் அளவுக்குத் தடுப்பாட்டமும் அவரிடம் இல்லை. இதே ஃப்ரெடெட் பின்னர் சீன லீக்கில் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் தோற்றுப்போன வீரர் அல்லர். அவருடைய திறமைக்குப் பொருந்தும் லீக் வேறாக இருந்தது, அவ்வளவே.

ஜேலன் பிரன்சன் இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு. வில்லனோவா அணியோடு 2016-இலும் 2018-இலும் தேசியப் பட்டம் வென்று, 2018-இல் ஆண்டின் சிறந்த வீரராகவும் அறிவிக்கப்பட்டவர், அதே ஆண்டு டிராஃப்டில் 33-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். உயரம் 6 அடி 2 அங்குலம். வளையத்துக்கு மேல் எழும்பும் துள்ளல் கிடையாது. வயது 21 ஆகிவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவை எல்லாமே உண்மைதான். ஆனால் அவர் கல்லூரியில் எந்த வழியில் வென்றார் என்பதை ஊன்றிக் கவனித்திருந்தால், அந்த வழிக்குத் துள்ளல் தேவையே இல்லை என்பது தெரிந்திருக்கும். வேகத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதில் அவர் வல்லவர். எதிராளியை முதுகில் சாத்திவைத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றிச் சுழன்று, குறுகிய தூரத்தில் அமைதியாகக் குறிவைப்பார். அத்துடன் தொலைவிலிருந்து எடுக்கும் மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேல் போட்டுக்கொண்டிருந்ததால், பந்து வேறொருவர் கையில் இருந்தாலும் அவரை யாரும் கவனிக்காமல் விட முடியாது. டாலஸ் அணியில் டோன்சிச்சின் பக்கத்தில் நான்கு பருவங்கள் அவர் ஆட முடிந்ததற்கும், 2022-இல் நியூயார்க் அணி நான்கு ஆண்டுகளுக்குப் 104 மில்லியன் டாலர் தந்து அவரை அழைத்துக்கொண்டதற்கும் அடிப்படை இதுவே. விசிட்டா ஸ்டேட்டிலிருந்து வந்து, 2016 டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாமல், டொரோன்டோவில் கைல் லவ்ரிக்குப் பக்கத்தில் இடம்பிடித்து, 2019-இல் பட்டமும் வென்ற ஃப்ரெட் வான்விலீட்டின் பாதையும் ஏறக்குறைய இதுவே. ஸ்டெஃபன் கரிகூட டேவிட்சன் கல்லூரியில் தன் இரண்டாம் ஆண்டு வரை பாயின்ட் கார்டாக ஆடவில்லை. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (சக வீரர் உடனே கூடையில் போடும்படி தரும் பாஸ்) கொடுத்த ஜேசன் ரிச்சர்ட்ஸ் பந்தை நடத்த, கரி ஸ்கிரீன்களை (எதிராளியின் வழியை மறித்து நிற்கும் சக வீரர்களை) சுற்றி ஓடிக் குறிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் ஆண்டில்தான் பந்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது.

விதிகளின் வேறுபாட்டையும் பலர் கணக்கில் கொள்வதில்லை. கல்லூரியில் தாக்குதலுக்கு 30 விநாடி, என்.பி.ஏ.வில் 24. பின்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவரும் நேரத்தைக் கழித்தால், முதல் திட்டம் முறிந்த பிறகு இரண்டாவது திட்டத்தை யோசிக்க அவகாசம் மிகக் குறைவு. கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 2019-இல் 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது, ஆயினும் என்.பி.ஏ. கோடு வளைவுப் பகுதியில் 23 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. மறுபுறம், எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கத் தொழில்முறை விதி தடை செய்கிறது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. இதனால் சிலருக்கு மேலே செல்லும்போது ஆட்டம் எளிதாகிறது. டி'ஆரன் ஃபாக்ஸ் கென்டக்கியில் மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு 25-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அவ்வளவு வேகத்தோடு உள்ளே நுழைபவருக்கு அகன்ற களம் வரமாக அமையும் என்று நம்பி 2017-இல் அவரை ஐந்தாவதாக எடுத்தார்கள். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

ஆட்டப் பதிவைப் பார்க்கும்போது நான் ஒலியை நிறுத்திவிடுவது வழக்கம், ஏனென்றால் வர்ணனையாளரின் உற்சாகம் நம் கண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சிறந்த காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்புகளை நான் நம்புவதில்லை. அணி தோற்ற ஆட்டங்களையும், நீளமான கைகள் கொண்ட எதிரணிகளைச் சந்தித்த ஆட்டங்களையும் முழுமையாகப் பார்ப்பேன். அவற்றிலும் என் கவனம் பெரும்பாலும் பிக் அண்ட் ரோல் மீதே இருக்கும், ஏனென்றால் தொழில்முறைத் தாக்குதலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. உயரமான சக வீரர் வந்து ஸ்கிரீன் வைக்க, பாயின்ட் கார்டு அவரை உரசினாற்போல் திரும்பி உள்ளே நுழையும் அந்த ஒரு விநாடியில், எதிரணியின் ஐவரில் யார் எங்கே நகர்ந்தார் என்பதை அவர் படித்து முடித்திருக்க வேண்டும். எதிரணியின் உயரமான வீரர் வளையத்தருகே பின்வாங்கி நின்றால், இடைப்பட்ட தூரத்தில் நின்று குறிவைக்கவோ, பந்தை மெல்ல மேலே தூக்கிப்போடவோ தெரிகிறதா? காக்கும் இருவரும் தாம் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டால், தன் முன்னால் வந்து நிற்கும் ஏழடி மனிதரைத் தனியாகக் கடக்க முடிகிறதா? இருவருமாகச் சேர்ந்து மறித்தால், நெருக்கடி முற்றுவதற்கு முன்பே பந்தைக் கைமாற்றிவிடுகிறாரா, அல்லது பின்வாங்கிக்கொண்டே போய்க் கோட்டோரத்தில் மாட்டிக்கொள்கிறாரா?

இவற்றுள் நான் அதிகம் தேடும் காட்சி, களத்தின் மறுகோடி மூலையில் நிற்பவருக்குப் போகும் பாஸ். தட்டிக்கொண்டிருக்கும் பந்தை அப்படியே ஒரே கையால் அங்கே அனுப்பக்கூடியவர் ஒரு வகை. நின்று, இரு கைகளாலும் எடுத்து, பிறகு அனுப்புபவர் இன்னொரு வகை. கல்லூரி ஆட்டத்தில் இரண்டு பாஸ்களுமே போய்ச் சேரும், இரண்டுமே அசிஸ்ட் என்று பதிவாகும். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டாமவர் எடுத்துக்கொள்ளும் அந்த அரை விநாடிக்குள் மூலைக்காரரைக் காப்பவர் திரும்பி வந்துவிடுவார். அதனால்தான் அசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. பாஸை வாங்கியவர் பந்தைக் கூடையில் போட்டால்தான் அது அசிஸ்ட். நல்ல குறிகாரர்கள் நிறைந்த அணியில் சுமாரான பாஸும் கணக்கில் ஏறும், மோசமான அணியில் அருமையான பாஸும் கணக்கில் வராமல் போகும்.

எண்களைப் பொறுத்தவரை இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீரர் 35 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஐந்து வீதம் 175 மூன்று புள்ளி வீச்சுகளை முயன்று, நூற்றுக்கு 35 என்ற விகிதத்தில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு சிறிய மாதிரியில், அவருடைய உண்மையான திறன் 28-க்கும் 42-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்கிறது. 28 என்றால் வேலை இல்லை, 42 என்றால் பத்தாண்டு வாழ்க்கை. ஆகவே ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்கு ஈடாக, தடுப்பார் இன்றிக் கிடைக்கும் வீச்சு) விகிதத்தையும், பல பருவங்களின் எண்களையும், கையின் அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம். வயதும் ஓர் எண்தான்: 23 வயதில் 19 வயதினரை வெல்வதற்கும், 19 வயதில் 23 வயதினரை வெல்வதற்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

உயரத்தைப் பற்றிப் பேசாமல் பாயின்ட் கார்டைப் பற்றிப் பேச முடியாது. கல்லூரிப் பட்டியலில் அச்சாகும் உயரத்தில் பெரும்பாலும் காலணியும் சேர்ந்திருக்கும், சில சமயம் கொஞ்சம் ஆசையும் சேர்ந்திருக்கும், என்.பி.ஏ.வே 2019-இல்தான் காலணியில்லாத உயரத்தைத் தர வேண்டும் என்று அணிகளைக் கட்டாயப்படுத்தியது. உச்சந்தலை எங்கே முடிகிறது என்பதைவிட, விரித்த கைகளின் நீளமும் இடுப்புக்குக் கீழுள்ள வலுவும் முக்கியம். 5 அடி 9 அங்குலமே இருந்த டைலர் யூலிஸ், 2016-இல் கல்லூரி அணிகளின் தென்கிழக்குக் கூட்டமைப்பின் (எஸ்.இ.சி.) சிறந்த வீரர் விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் ஒருசேரப் பெற்றவர். அவருடைய அறிவிலும் துணிவிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்.பி.ஏ.வில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. அங்கே எதிரணி ஒவ்வொரு முறையும் உங்களில் மிகச் சிறியவரையே தேடி வந்து ஆளை மாற்றிக்கொண்டு தாக்கும், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் இது இரக்கமின்றி நடக்கும். லவ்ரி, வான்விலீட், பிரன்சன் மூவரும் குள்ளர்களே ஆனாலும், அவர்களைத் தோளால் இடித்து எளிதில் நகர்த்திவிட முடியாது.

தடுப்பாட்டத்தை மதிப்பிடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. சிரக்யூஸ் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகப் பகுதி பிரித்துக் காக்கும் 2-3 முறையையே (முன்னே இருவர், பின்னே மூவர்) ஆடிவந்ததால், அங்கிருந்து வரும் கார்டு ஒருவர் ஆளுக்கு ஆள் எப்படிக் காப்பார் என்பதற்குப் பதிவுகளில் சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது. 2009-இல் ஆறாவதாகத் தேர்வான ஜானி ஃப்ளின் அந்த அணியிலிருந்து வந்தவர். ஆறு கூடுதல் நேரங்கள் வரை சென்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் 67 நிமிடம் ஆடிய அவருடைய உறுதியை யாரும் ஐயுறவில்லை. முதல் பருவத்துக்குப் பின் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததால் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை மூன்றே பருவங்களில் முடிந்தது. அதற்குத் தடுப்பாட்டமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. காயம் எந்த அறிக்கையையும் பொய்யாக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் மீறுபவர்களும் வருகிறார்கள். டிரே யங் 2017–18-இல் ஓக்லஹோமாவுக்காகப் புள்ளிகளிலும் அசிஸ்டுகளிலும் ஒரே பருவத்தில் நாட்டின் முதலிடம் பெற்றார். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. தடுப்பாட்டத்தில் பலவீனமாக இருப்பார் என்று எழுதியவர்களின் கணிப்பும் பலித்தது, தாக்குதலில் நட்சத்திரம் ஆவார் என்று எழுதியவர்களின் கணிப்பும் பலித்தது. அத்தகைய அளவு கடந்த திறமை இருந்தால், அணியே அவரைச் சுற்றிக் கட்டப்படும். ஆனால் அதை முன்மாதிரியாக வைத்துத் தங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடும் பெற்றோருக்கு என்னால் உடன்பட முடிவதில்லை.

குடும்பங்கள் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்திகளும் உள்ளன. முதல் சுற்றில் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டுகளின் ஊதியம் உறுதி. அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அத்தகைய கட்டாய உறுதி ஏதுமில்லை. 2017-இல் அறிமுகமான இருவழி ஒப்பந்தத்தில் ஊதியம் புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி, வீரர் என்.பி.ஏ. அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டங்களுக்கு மட்டுமே களமிறங்கத் தகுதி பெறுவார், மற்ற நாட்களில் என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக்கில் ஆடுவார். கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்ட 2021-இல் அனுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரத் தொடங்கிவிட்டன. அதனால், இரண்டாம் சுற்றின் கடைசியில் தேர்வாகக்கூடிய ஒருவருக்கு இன்னோர் ஆண்டு கல்லூரியில் தங்குவதே வருமானத்திலும் மேலாக இருக்கலாம். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, என்.பி.ஏ.வின் ஆலோசனைக் குழுவிடமிருந்து கருத்தைப் பெற்று, மே மாத இறுதிக்குள் பெயரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அந்தக் கருத்தை வாங்காமல், இணையத்தில் உலவும் உத்தேசப் பட்டியல்களை நம்பி முடிவெடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடைசிப் பத்து இடங்களுக்குள் தேர்வாவதைவிட, யாராலும் எடுக்கப்படாமல் இருப்பதே சிலருக்கு நல்லது. எடுக்கப்பட்டவர் அந்த அணிக்குக் கட்டுப்பட்டவர். எடுக்கப்படாதவர் எந்த அணியில் பாயின்ட் கார்டுக்கு உண்மையாகவே இடம் இருக்கிறதோ அங்கே போகலாம், அல்லது ஐரோப்பாவுக்குப் போகலாம். ஐரோப்பியக் களத்தின் மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கோட்டின் அதே தூரம்தான். ஆட்டமும் 40 நிமிடம்தான். 2012-இல் லமார் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்து, எந்த அணியாலும் தேர்வாகாத மைக் ஜேம்ஸ், ஐரோப்பாவின் சிறிய லீக்குகளில் தொடங்கி, இன்று ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான யூரோலீக்கின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவராக இருக்கிறார். 2013-இல் முதல் சுற்றில் தேர்வான ஷேன் லார்கின் என்.பி.ஏ.வில் அணிக்கு அணி மாறிக்கொண்டிருந்தார். பின்னர் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ் அணியோடு 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் யூரோலீக் பட்டம் வென்றார். ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும், அந்த அணியில் அடுத்த பருவத்தில் பந்தை நடத்தப்போகிறவர்கள் யார் யார், அவர்களுடைய ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன, தங்கள் பிள்ளை எவருடைய பக்கத்தில் நின்று ஆடுவதாகப் பயிற்சியாளர் எண்ணுகிறார் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே குடும்பத்தினர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றுக்குத் தெளிவான பதில் தராத முகவரைவிட, குறைந்த தொகையோடு தெளிவான பதிலும் தருபவரையே நான் பரிந்துரைப்பேன்.