பழைய ஐபாடில் இன்றைய வீடியோ: மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கட்டற்ற உரிமத்தில் படங்களும் வீடியோக்களும் கிடைக்கும் விக்கிமீடியா காமன்ஸிலிருந்து ஒரு வீடியோவை இறக்குகிறோம். கோப்புப் பெயரின் கடைசியில் 'வெப்எம்' என்று இருக்கிறது. அதை அழித்து 'எம்பி4' என்று எழுதினால் ஆப்பிளின் பழைய கையடக்க பிளேயரான ஐபாட் ஏற்குமா? ஏற்காது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைத்தான் மாற்றியிருக்கிறோம், உள்ளே இருக்கும் சரக்கு அதேதான். கையடக்க பிளேயருக்காக வீடியோ மாற்றுகிறவர்கள் பலர் முதலில் இடறுவது இங்கேதான்.

வெப்எம், எம்பி4, எம்கேவி எல்லாமே டப்பாக்கள். படமும் ஒலியும் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, எந்த நொடிக்கு எது வரவேண்டும் என்ற கணக்கை மட்டுமே அவை வைத்திருக்கின்றன. படத்தைச் சுருக்கிய முறைக்குப் பெயர் கோடெக். காமன்ஸ் வெப்எம் கோப்பைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் விபி9 படமும் ஓபஸ் ஒலியும் இருக்கும். எம்பி4 டப்பாவில் பொதுவாக எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருக்கும். ஆனால் அதே டப்பாவுக்குள் ஏவி1 படமும் உட்காரலாம், அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கணினியில் வீடியோ பார்க்கும் விஎல்சி மென்பொருளில் வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோல் விசையோடு 'ஜே' எழுத்தைத் தட்டினால் கோடெக் விவரம் தெரிந்துவிடும்.

ஐபாட் கிளாசிக் வந்தது 2007-ல். விபி9 முழுவடிவம் பெற்றது 2013-ல், ஏவி1 2018-ல். பின்னால் பிறந்த கோடெக் முன்னால் செய்த கருவிக்குத் தெரிய வழியில்லை. மென்பொருளைப் புதுப்பித்துச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கணினியில் அது நடக்கும், அதன் பொதுச் செயலிக்கு அவ்வளவு வேகம் உண்டு. கையடக்கக் கருவியில் படத்தை விரிக்கும் வேலையைச் செய்வது அதற்கென்றே அமைந்த சிறு சுற்று. 2005-ல் வந்த, வீடியோ காட்டிய முதல் ஐபாடில் அந்த வேலைக்கென்றே பிராட்காமின் பிசிஎம்2722 சிப்பைத் தனியாக வைத்திருந்தார்கள். சிறிய பேட்டரியில் மணிக்கணக்காகப் படம் ஓடுவது இப்படிப்பட்ட சுற்றால்தான். அதற்குத் தெரிந்த சில முறைகளுக்கு வெளியே அது ஒரு அடி எடுத்துவைக்காததற்கும் காரணம் அதே சுற்றுதான்.

எவ்வளவு சுருக்குகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐபாட் கிளாசிக் திரையில் 320×240, அதாவது 76,800 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியாக ஒன்றரை பைட் (12 பிட்), நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 நிலைப்படம். சுருக்காமல் விட்டால் நொடிக்கு 27.6 மெகாபிட் ஆகிறது. நாம் கொடுக்கப்போவது 600 கிலோபிட், கிட்டத்தட்ட 46-ல் ஒரு பங்கு. மீதியெல்லாம் எங்கே போகிறது?

எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் 16×16 புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. கரும்பலகையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். பின்சுவரின் கட்டங்கள் முந்தைய ஃபிரேமில் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றுக்கு 'மாற்றமில்லை' என்ற குறிப்பு போதும், ஏறக்குறைய செலவே இல்லை. நகரும் கைக்கு, 'முந்தைய ஃபிரேமில் இந்த இடத்திலிருந்து எடுத்து, மூன்று புள்ளி வலப்பக்கம் தள்ளி ஒட்டு' என்ற குறிப்பும், ஒட்டியபின் தெரியும் சின்ன வித்தியாசமும் போதும். சுண்ணாம்புக்கட்டி புதிதாக இழுத்த கோட்டுக்குத்தான் பிட் செலவாகிறது. அதனால்தான் விரிவுரை வீடியோ 300 கிலோபிட்டிலும் சுத்தமாக இருக்கிறது. கொட்டும் அருவியில் எந்தக் கட்டமும் முந்தையதைப் போல் இல்லை, அங்கே 768 கிலோபிட் கொடுத்தாலும் கட்டங்கட்டமாக உடைகிறது.

இந்தக் குறிப்புகளை எழுதுவதில் எளிய வழியும் உண்டு, சிக்கலான வழியும் உண்டு. இவற்றை 'ப்ரொஃபைல்' என்று பிரித்திருக்கிறார்கள். கணினிக்கான வீடியோக்கள் 'ஹை' ப்ரொஃபைலில் வரும், ஐபாடுக்குத் தெரிந்தது 'பேஸ்லைன்' மட்டும். இரண்டுக்கும் இடையே முக்கியமான வித்தியாசம் பி-ஃபிரேம். அது தனக்கு முன்னால் உள்ள ஃபிரேமையும் பின்னால் வரப்போகும் ஃபிரேமையும் சேர்த்துப் பார்த்து எழுதப்படுவது. அதை விரிக்க, இன்னும் திரைக்கு வராத ஃபிரேமை முன்கூட்டியே விரித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். சின்னக் கருவியின் நினைவகத்துக்கு அது பாரம். அடுத்தது கேபாக் என்ற கடைசிக்கட்டச் சுருக்கம். அதை விட்டால் கோப்பு சுமார் 10 முதல் 15 சதவீதம் பெரிதாகும், ஆனால் சிப்பின் வேலை வெகுவாகக் குறையும். எச்.264 என்று சரியாகத் தேர்ந்தெடுத்தும், கணினியிலிருந்து ஐபாடில் கோப்பு ஏற்றும் ஐட்யூன்ஸ் 'இந்த ஐபாடில் ஓடாது' என்று தள்ளிவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது ப்ரொஃபைலைத்தான்.

ப்ரொஃபைலோடு 'லெவல்' என்று ஒரு எண்ணும் உண்டு. ஒரு நொடிக்கு எத்தனை கட்டம், எத்தனை பிட் என்ற உச்சவரம்பு அது. லெவல் 1.3 என்றால் நொடிக்கு 11,880 கட்டம், 768 கிலோபிட். 320×240 ஃபிரேமில் 300 கட்டம், 30 ஃபிரேமுக்கு 9,000, எனவே தாராளமாக அடங்குகிறது. 2005 ஐபாடின் வரம்பு இதுதான். 2006-ல் 640×480-க்கும் 1.5 மெகாபிட்டுக்கும் உயர்ந்தது. கிளாசிக்கில் லெவல் 3.0, 2.5 மெகாபிட் வரை போகலாம்.

போகலாம் என்பதற்காகப் போக வேண்டியதில்லை. கிளாசிக்கின் திரை 320×240-தான். 640 அகலத்தில் மாற்றினால் தொலைக்காட்சியில் கேபிள் போட்டுப் பார்க்கும்போது பயன், கையில் வைத்துப் பார்க்கும்போது கருவி அதைத் திரும்பச் சுருக்கித்தான் காட்டும். பேட்டரிக் கணக்கும் சேர்கிறது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டை நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு நின்றுவிடும், அது தீர்ந்ததும் மறுபடி சுழலும். துண்டு 30 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், ஒலியோடு சேர்த்து 728 கிலோபிட் கோப்பு ஐந்தரை நிமிடம் தாங்கும், 1,628 கிலோபிட் கோப்பு இரண்டரை நிமிடம்கூடத் தாங்காது. டிஸ்க் எழும் ஒவ்வொரு தடவையும் பேட்டரி கரைகிறது.

இனி வேலை. இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக் போதும். யூடியூப் தன் விதிகளில் அனுமதியின்றி இறக்குவதைத் தடுத்திருக்கிறது. எனவே கட்டற்ற உரிமத்தில் உள்ளவற்றையோ நீங்களே எடுத்தவற்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு: 1280×720 வீடியோவுக்கு அகலம் 320, உயரம் 180 வரும். 180 என்பது 16-ல் சரியாக வகுபடாது. சுருக்கி எழுதும் நிரலான என்கோடர் 192 வரிசையாக நிரப்பி எழுதிவிட்டு, 'கடைசி 12 வரிசையைக் காட்டாதே' என்று குறிப்பு வைக்கும். ஐபாட் அதை மதிக்கும். மலிவான பிளேயர் சில மதிக்காமல் அடியில் பச்சைப் பட்டை காட்டும், அங்கே உயரத்தை 176 என்று வைப்பது நல்லது. படத்தை ஒடுக்கிச் சேமித்து, காட்டும்போது இழுத்து விரிக்கும் 'அனமார்ஃபிக்' கட்டாயம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில கருவிகளில் முகம் ஒடுங்கித் தெரியும்.

வீடியோ பக்கத்தில் எச்.264, ப்ரொஃபைல் பேஸ்லைன், லெவல் 1.3, சராசரி பிட்ரேட் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) 600, இரண்டு சுற்று. முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று முழுதும் பார்த்துவிட்டு, இரண்டாவதில் பிட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும். ஒரு மணி நேரப் படம் 128 கிலோபிட் ஒலியோடு சுமார் 328 மெகாபைட் வரும். 640 அகலம்தான் வேண்டும் என்பவர்கள் லெவல் 3.0 வைப்பார்கள். தரநிலைப்படி அதன் உச்சம் 10,000 கிலோபிட், ஐபாட் தாங்குவதைவிட நான்கு மடங்கு. சராசரி 1,200 என்று வைத்திருந்தாலும் மழைக்காட்சியில் ஒரு நொடி 4,000-க்கு எகிறலாம். அந்த நொடியில் படம் உறையும், ஒலி மட்டும் ஓடும். கூடுதல் விருப்பங்கள் பெட்டியில், இப்படி எகிறுவதைக் கட்டுப்படுத்தும் 'விபிவி' உச்சத்தை 1,500 என்றும் அதன் தாங்கியை (பஃபர்) 2,000 என்றும் எழுதிவிட்டால் இது நிற்கும். ஹேண்ட்பிரேக்கின் 'சம்மரி' பக்கத்தில் 'ஐபாட் 5ஜி சப்போர்ட்' (5ஜி என்றால் இங்கே ஐந்தாம் தலைமுறை) பெட்டியிலும் டிக் செய்ய வேண்டும். அது கோப்பில் ஒரு அடையாளம் வைக்கும், 320-க்கு மேற்பட்ட அகலத்துக்குப் பழைய ஐபாட் அதை எதிர்பார்க்கிறது.

ஃபிரேம்ரேட்டில் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரைப்பதிவுகளும் கைபேசியில் எடுத்தவையும் நொடிக்கு நொடி ஃபிரேம் எண்ணிக்கை மாறக்கூடியவை. அப்படியே விட்டால் சில பிளேயர்களில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகும், தொடக்கத்தில் தெரியாது, 40-வது நிமிடத்தில் எரிச்சலாகும். மூல வீடியோ நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 30, 50 என்றால் 25, சரிபாதிதான் வைக்க வேண்டும். 50-ஐ 30 ஆக்கினால் கேமரா நகரும்போதெல்லாம் படம் தத்தித்தத்திப் போகும்.

ஒலிக்கு சாதாரண ஏஏசி, ஸ்டீரியோ, 128 கிலோபிட். பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் எச்இ-ஏஏசியைத் தொடாதீர்கள். பழைய கருவியில் ஒலியை விரிக்கும் டிகோடர் அதன் தாழ்ந்த சுருதிப் பாதியை மட்டும் படிக்கும், பாட்டில் ஜால்ரா சத்தமே காணாமல் போய்ப் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும்.

தமிழ் வசன வரிகள் வேண்டுமென்றால் 'பர்ன் இன்' கொடுத்துப் படத்தோடு படமாக அச்சிடுவதே வழி. பிளேயரில் தமிழ் எழுத்துரு இருந்தாலும் எழுத்தைக் கோக்கும் அறிவு பெரும்பாலும் இருக்காது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வந்து, காலில் முடிய வேண்டும். அது தெரியாத கருவி ககரத்தை முதலில் போட்டுவிட்டுக் கொம்பை அதன் பின்னால் ஒட்டவைக்கும். எழுத்தின் அளவையும் கணினியில் பார்ப்பதைவிட இரட்டிப்பாக வையுங்கள். இரண்டரை அங்குலத் திரை அது.

'எம்பி4 பிளேயர்' என்ற பெயரில் விற்ற மலிவுக் கருவிகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றால் எம்பி4 கோப்பையே ஓட்ட முடியாது, அவை கேட்பது ஏஎம்வி. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் படம், முந்தைய ஃபிரேமை நினைவில் வைக்கும் வேலையே இல்லை, அதனால் மிக எளிய சிப்பும் சமாளிக்கிறது. எல்லாக் கோப்புக்கும் பொதுவான ஜேபெக் அட்டவணைகளைக்கூட எழுதாமல் விட்டுவிடுவார்கள், கருவிக்கு அவை மனப்பாடம். அளவு திரைக்குப் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் ஓடாது. கருவியோடு வந்த மாற்றியையே பயன்படுத்துவதுதான் குறுக்குவழி.

முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு நிமிடத்தை மாற்றிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் தொடக்கம், முடிவு நொடிகளைக் கொடுக்கலாம். தலைப்பு ஓடும் முதல் நிமிடம் எதையும் காட்டாது. தண்ணீரோ கூட்டமோ இருக்கும், ஓயாமல் அசையும் நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை ஐட்யூன்ஸ் (புதிய மேக் கணினியில் ஃபைண்டர்) வழியாகவே ஐபாடில் ஏற்றுங்கள், டிஸ்க்கில் நேராக நகலெடுத்த கோப்பு ஐபாடின் பட்டியலில் சேராது. அந்த நிமிடம் உறையாமல் ஓடினால் மீதி மணி நேரத்துக்கும் அதே அமைப்பு போதும்.