மாதம் 4,000 பவுண்டா? எந்த மாதம் என்று கேளுங்கள்

லண்டனில் கணக்காளராக இருப்பதால் நம்மாட்கள் வாங்க நினைக்கிற தொழில்களின் கணக்குகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். கடை, பெட்ரோல் ஸ்டேஷன் என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறவருக்கே தெரியும். ஆனால் வணிகக் கட்டடங்களுக்கு ஜன்னல் துடைக்கும் ரவுண்ட் (முறைவைத்துப் போய்த் துடைக்கும் வாடிக்கையாளர்களின் தொகுப்பு) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, விலை சரியா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விற்பவர் சொன்ன ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இதில் கட்டடம் கிடையாது, சரக்கு கிடையாது, லீஸும் கிடையாது. உங்கள் கைக்கு வருவது ஒரு வாடிக்கையாளர் பட்டியல், அவர்கள் உங்களையும் தொடர்ந்து கூப்பிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு, அவ்வளவுதான்.

பிரிட்டனில் வீடுகளின் ரவுண்ட் மாத வருமானத்தின் மூன்று, நான்கு மடங்கு என்று கைமாறுவது சாதாரணம். இருநூறு வீட்டில் ஐந்து வீடு போனால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, அதனால் அந்த மடங்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வணிக ரவுண்டில் ஒரே அலுவலகக் கட்டடம் மூன்றில் ஒரு பங்கு வருமானமாக இருக்கலாம், அதன் மேனேஜர் மாறினாலே போதும், கதை முடிந்தது. ஆனாலும் விற்பவர் அதே மடங்கைத்தான் கேட்பார்.

ஒரு உதாரணம். பட்டியலின் அடியில் 4,000 பவுண்டு என்று கூட்டுத்தொகை, விலை நான்கு மடங்கு, அதாவது 16,000. பிரித்துப் பார்த்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை துடைக்கும் சின்னக் கடைகள் எல்லாம் சேர்த்து 1,400. இரண்டு கார் ஷோரூமும் ஒரு முதியோர் இல்லமும் மாதம் 1,100. மீதி 1,500 ஒரே அலுவலகக் கட்டடம், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை! ஆக அது மாதத்துக்கு 500தான். நான்கு வாரக் கடைகள் வருடத்தில் 13 முறை வரும் என்பதால் அவை மாதத்துக்கு ஏறக்குறைய 1,517 ஆகின்றன (இது மட்டும் உங்களுக்குச் சாதகம்). மொத்தம் 3,117. விற்பவர் பொய் சொல்லவில்லை, எல்லா வேலையும் ஒரே மாதத்தில் விழுந்தால் 4,000 வரத்தான் செய்யும்.

நான் என்றால் கடைகளின் 1,517க்கு மூன்று மடங்கு, ஷோரூமுக்கும் இல்லத்துக்கும் இரண்டரை மடங்கு, இரண்டும் சேர்த்து 7,300 சொல்வேன். அலுவலகக் கட்டடத்துக்கு இப்போது ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்தும் வேலை நம்மிடமே இருந்தால் ஒரு 1,000. இதைக் கேட்டதும் விற்பவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஏன் அந்தக் கட்டடத்தில் இவ்வளவு கறார்? கட்டடத்தைப் பராமரிக்க ஒரு நிறுவனம், அது ஜன்னல் வேலையைத் துணை ஒப்பந்தமாக நம் விற்பவருக்குக் கொடுத்திருக்கும். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால் 30 நாள் நோட்டீஸில் யாரும் விலகலாம், அந்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்று இருக்கும். அப்படியானால் விற்பவரிடம் விற்பதற்கே ஒன்றும் இல்லை. சரி, அவருடைய கம்பெனியின் பங்குகளையே வாங்கிவிட்டால் ஒப்பந்தம் கம்பெனியின் பெயரிலேயே தொடருமே என்று சிலர் சொல்வார்கள். தொடரும்தான், ஆனால் உரிமையாளர் மாறினால் என்ன என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் பழைய வரிப் பாக்கியும் வழக்கும் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பன்னிரண்டு மாத இன்வாய்ஸையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்வாய்ஸ் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் இடையே 60 நாள் என்றால், ஆட்களின் சம்பளத்துக்கு இரண்டு மாதப் பணம் உங்கள் பையிலிருந்து போக வேண்டும். அதுவும் வாங்கும் விலையில் ஒரு பகுதிதான். விலை கடைசியாக எப்போது ஏறியது என்றும் கேளுங்கள். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 11.44இலிருந்து 12.21 பவுண்டு ஆனது, சம்பளத்தின் மீது முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8இலிருந்து 15 சதவீதம் ஆனது. அதற்கு முன் பேசிய விலையிலேயே ஓடும் ஒப்பந்தத்தில் வருமானம் இருக்கும், லாபம் இருக்காது.

வேலையாட்கள் இருந்தால் தொழில் கைமாறும்போது அவர்களின் வேலையைக் காக்கும் 2006ஆம் ஆண்டின் டியூப்பி (TUPE) விதிகள் பொருந்தலாம். பொருந்தினால் அவர்கள் பழைய சம்பளம், பழைய சர்வீஸோடு உங்களிடம் வருவார்கள். அவர்களைப் பற்றிய விவரங்களை விற்பவர் குறைந்தது 28 நாள் முன்பே தர வேண்டும்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். விற்பவர் வாட் பதிவு செய்தவராக இருந்து, ஓடுகிற தொழிலை அப்படியே வாங்கினால், அவருடைய கடந்த வருட விற்பனையும் நீங்கள் வாட் பதிவு செய்தே ஆக வேண்டிய 90,000 பவுண்டு விற்பனை வரம்புக் கணக்கில் சேரும். அலுவலகங்கள் பெரும்பாலும் வாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். முதியோர் இல்லத்தால் பொதுவாக அது முடியாது, பதிவு செய்யாத சின்னக் கடையாலும் முடியாது. இதுவரை வாட் போடாத ஒருவரிடமிருந்து வாங்கி, உங்கள் வாட்டைச் சேர்த்து 20 சதவீதம் கூட்டி பில் போட்டால் அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு முழுச் சுற்றாவது விற்பவரோடு வேனில் போய் வாருங்கள். பட்டியலில் இருக்கும் கடையின் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறதா, மேனேஜர் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, மூன்றாம் மாடிக் கண்ணாடிக்குக் கம்பமும் சுத்திகரித்த தண்ணீரும் போதுமா அல்லது செர்ரி பிக்கர் (ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டி) வாடகைக்கு எடுக்க வேண்டுமா, அந்த வாடகை அவர் சொன்ன விலைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வேன், டாங்க், கம்பம் எல்லாவற்றுக்கும் தனி விலை போடச் சொல்லுங்கள், அவை ரவுண்டின் மடங்குக்குள் வரக் கூடாது. விலையில் பாதியை இப்போது கொடுத்து, மீதியை ஆறு மாதத்தில் தங்கிய வாடிக்கையாளர்களைப் பொறுத்துக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். அதே பகுதியில் போட்டியாக வரமாட்டேன் என்ற உறுதியையும் வக்கீல் மூலம் நியாயமான கால அளவோடு வாங்குங்கள். முழுப் பணமும் முதல் நாளே வேண்டும், ஒப்பந்த நகல் பிறகு தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், நான் கட்சிக்காரரிடம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.