பாடம் முடிந்தபின் பாடத்திட்டம் எங்கே போகிறது?

மதிப்பெண் பட்டியலில் ‘புள்ளியியல் – 2’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். பத்து ஆண்டு கழித்து வேறொரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கோ, தொழில் உரிமத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்தப் பாடத்தில் என்னென்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் பட்டியலில் இல்லை; படித்த ஆண்டின் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது.

ஆண்டுதான் இங்கே உயிர்நாடி. பாடக் குறியீடு மாறாது, தலைப்பும் மாறாது. உள்ளே ஓர் அலகு நீங்கி வேறொன்று வந்திருக்கும். அதனால் நல்ல காப்பகம் பழைய கோப்பின் மேல் புதியதை ஏற்றாது. ஒவ்வொரு பதிப்பையும் பாடக் குறியீடு, பருவம், துறை, ஒப்புதல் நாள் ஆகிய விவரங்களோடு தனியாக வைக்கும். ‘சிலபஸ் ஃபைனல் நியூ’ என்று பெயரிட்ட கோப்பை யாராலும் தேடி எடுக்க முடியாது.

கல்விக் குழு ஒப்புதல் தந்த பாடத்திட்டம் பெரும்பாலும் கூட்டக் குறிப்புகளோடு சேர்ந்து தப்பிவிடும். தொலைந்துபோவது, ஆசிரியர் வகுப்பில் கொடுக்கும் வாரவாரியான பாட விவரம். உண்மையில் என்ன நடத்தப்பட்டது என்பதற்கு அதுவே நெருங்கிய சாட்சி. இணைய வகுப்புத் தளத்தில் கிடக்கிறதே என்று நம்பி இருக்கக்கூடாது. அது பாடம் நடத்துவதற்கான இடம். பழைய வகுப்புகளை அவ்வப்போது அழித்துவிடுவார்கள். எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைப்பது, பிறகு அழிப்பதா, காப்பகத்துக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கத்தான் ஆவணப் பாதுகாப்புக்கால அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பாட விவரத்தை அதில் பெயர் சொல்லிச் சேர்க்காத நிறுவனம் பெரிய தவறு செய்கிறது என்பேன்.

காப்பகத்துக்கு வந்த கோப்பை முதலில் பிடிஎஃப்/ஏ வடிவத்துக்கு மாற்றுவது வழக்கம். ஆவணங்களை நீண்டகாலம் காப்பதற்கென்றே 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வெளிவந்த பிடிஎஃப் வகை இது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்பவை இதன் முக்கிய விதிகள். எழுத்துரு இல்லாமல் வரிகளெல்லாம் கட்டம்கட்டமாகத் தெரியும் வேதனை தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து, கோப்பின் ‘கைரேகை’. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீடு எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட சரமாக்கிவிடும். பாடத்திட்டத்தில் 45 மணி நேரம் என்றிருப்பதை யாராவது 46 ஆக்கினால்கூட அந்தச் சரம் அடியோடு வேறாகிவிடும். காப்பக மென்பொருள் இதைக் குறித்த இடைவெளியில் மறுபடி கணக்கிட்டு, முதலில் பதிந்ததோடு ஒப்பிடும். வட்டில் ஒரு பிட் தானாகப் பிறழ்ந்திருந்தாலும் அப்போது சிக்கிவிடும். வேறோர் இடத்தில் இருக்கும் நல்ல பிரதியைக் கொண்டு அதைச் சரிசெய்வார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி கணினி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் போன்ற காப்பக மென்பொருள்கள் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி தருகின்றன. கோப்பு இருக்கும் வழங்கி (சர்வர்) மாறினாலும் அந்த முகவரியை அதே கோப்புக்குத் திருப்பிவிடலாம். பழைய மாணவரின் விண்ணப்பம் வந்ததும், அலுவலர் குறியீட்டையும் ஆண்டையும் உள்ளிட்டு அந்தப் பதிப்பை எடுத்து, முத்திரையிட்டு அனுப்பிவைக்கிறார்.