தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறவர்கள்

நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்றோடு வந்திருந்தார் அந்தத் திருநங்கை. காரைக்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன், கோடையில் நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரே ஆளுக்கு மூன்று முறை என்றால் எங்கோ இடிக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க என்று கேட்டேன். "காலையில கிளம்புறப்ப அரை டம்ளர், டாக்டரம்மா. அப்புறம் ராத்திரி வீட்டுக்கு வந்துதான்." பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, மூடியைத் திறக்கவே இல்லை.

கல்யாண வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர். அடுப்படியில் பாதி நாள், பஸ்ஸில் மீதி நாள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் பெண்கள் பக்கம் போனால், காசு வாங்க உட்கார்ந்திருப்பவர் "அந்தப் பக்கம் போ" என்று கையைக் காட்டுகிறார். ஆண்கள் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார், நானும் துருவவில்லை.

அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்குச் சிறுநீர்ப் பாதை முன்பைவிடக் குட்டையாகிவிடும், அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறும். சிலருக்குத் துவாரம் சுருங்கி, சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தேங்கும். உட்கார்ந்துதான் போக முடியும் என்பதால் ஆண்கள் பக்கத்துச் சுவரோரத் தொட்டி அவருக்கு எந்த வகையிலும் உதவாது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு வேறு சிக்கல்: ஆண் ஹார்மோனை அடக்க அவர்களில் பலருக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீரைப் பெருக்குகிற மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்காமல், வருகிறதையும் அடக்கிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். நான் எத்தனை ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து என்ன?

இதை நண்பர்களிடம் சொன்னால் பேச்சு உடனே ஒலிம்பிக்ஸுக்குப் போய்விடுகிறது. திருநங்கைங்க பொம்பளைங்களோட ஓடினா நியாயமா டாக்டர் என்கிறார்கள். சரி, அது நேர்மையான கேள்விதான். ஆணாகப் பருவமடைந்த உடம்புக்கு உயரமும் எலும்பும் தசையும் கூடுதல். ஹார்மோன் சிகிச்சையில் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்கிவிடும், தசை வலு மெதுவாகக் கொஞ்சம்தான் குறையும், உயரம் குறையவே குறையாது. இதையெல்லாம் வைத்துத்தான் உலகத் தடகள அமைப்பு 2023இல், ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகள் சர்வதேசப் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்று முடிவெடுத்தது. அது உலகப் பதக்கத்துக்கான விதி. ஊர்ப் பொங்கல் விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவதற்கும் மியூசிக்கல் சேருக்கும் அந்த விதியைக் கொண்டுவந்து ஒருவரைப் பெயர் கொடுக்க விடாமல் தடுப்பது தப்பு.

இந்தப் பேச்சில் நம் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் பெயரையும் இழுத்துவிடுகிறார்கள். அவர் திருநங்கை இல்லை, பெண்ணாகவே வளர்ந்தவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் ஓடி வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனை என்று சொல்லிப் பறித்தார்கள். தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

மைதானம் என் நோயாளிக்கு மருந்து மாதிரி. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, எலும்பையும் கவனிக்க வேண்டும், அதனால் தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் நடைக்கு வந்த யாரோ முறைத்துக்கொண்டே நின்றதில் விட்டுவிட்டார்.

2014இல் உச்ச நீதிமன்றம் திருநங்கைகளுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. 2017இல் தூய்மை இந்தியா வழிகாட்டுதல், மூன்றாம் பாலினத்தவர் தாங்கள் விரும்பும் பக்கக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்றது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் அவர்களைத் தடுத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. காசு வாங்குகிற மேசையில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. குத்தகைக்கு எடுத்தவரும் நகராட்சியும் சொல்லித் தர வேண்டும், சுவரில் எழுதியே வைக்கலாம். சக மருத்துவர்களே, திருநங்கை ஒருவர் நீர்க்கடுப்பு என்று வந்தால், பகலில் எங்கே போவீங்க என்று முதலில் கேளுங்கள்.

இப்போது அவருக்குத் தொற்று இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பலகாரக் கடை வைத்திருக்கும் ஆச்சி, கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைச் சாவியைக் கேட்காமலே கையில் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மட்டும் இன்னும் தண்ணீர் குடிப்பதில்லை என்று போன வாரம் சொன்னார்.